எட்டும் ஒன்பதும்

டீச்சருக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டு. ‘இதே போல.’

வேதியியல் கட்டுரை எழுதுகிற நாங்கள் எல்லாரும் அந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறோம். ஒரு சேர்மத்தை எப்படிச் செய்தோம் என்று பத்து வரி எழுதுவோம். மற்ற எட்டுக்கும் சேர்த்து, ‘இவையும் இதே போலத் தயாரிக்கப்பட்டன’ என்று ஒரே வரி. தாளும் மிச்சம், நேரமும் மிச்சம். டீச்சர் படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றுவிடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

“இதே போலன்னா எதே போல சார்? எட்டையும் நீங்க பண்ணீகளா, இல்ல ஒண்ணப் பண்ணிட்டு மத்தது அப்புடித்தான் இருக்கும்னு விட்டுட்டீகளா?”

“பண்ணாமயா எழுதுவாங்க டீச்சர்?”

“பண்ணிருப்பீக. பாத்தீகளா?”

அந்தப் ‘பாத்தீகளா’தான் டீச்சர். முகம் எனக்குக் கொஞ்சம் மங்கிவிட்டது. குட்டையான உருவம், சேலைக்கு மேலே மாட்டிய வெள்ளைக் கோட்டு, அதன் பையில் எப்போதும் ஒரு லென்ஸ், இவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. அந்தக் கேள்வி மட்டும் இன்றைக்கும் பின்மண்டையில் உட்கார்ந்திருக்கிறது.

நான் அப்போது உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவர் கடமலைக்குண்டு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என்னிடம் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்திருந்தார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். காகிதத்தில் நான் அவருக்குக் கைடு. சனி, ஞாயிறு காலையில் கடமலைக்குண்டில் பஸ் ஏறித் தேனி வந்து, அங்கே கம்பம் வண்டி மாறி வருவார். நான் ஆய்வகத்தைத் திறக்க வரும்போது அவர் ஏற்கெனவே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். என்னை அவர் சார் என்பார். நான் அவரை டீச்சர் என்பேன். எங்களுக்குள் மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் கைடு யார் என்று புதிதாக ஒருவர் வந்து பார்த்தால், நிச்சயம் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் வேலை பிரிடின் வளையம். தெரியாதவர்களுக்கு டீச்சர் சொல்வதையே சொல்கிறேன், என்னைவிட நன்றாகச் சொல்வார். “ஆறு பேரு கைகோத்துக் கும்மி அடிக்கிறாகன்னு வச்சுக்கங்க. அஞ்சு பேரு கார்பன். ஒரு ஆளு மட்டும் நைட்ரஜன். அம்புட்டுத்தான் பிரிடின்.” எத்தனையோ மருந்து மாத்திரைகளிலும் பூச்சிமருந்துகளிலும் இந்த வளையம் ஒரு மூலையில் இருக்கும். அதை நாம் செய்ய வேண்டுமென்றால் துண்டு துண்டான மூலக்கூறுகளைக் குடுவைக்குள் போட்டு, சூடாக்கி, ஒரு முனை இன்னொரு முனையைத் தேடி வந்து பிடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வளையம் மூடுவது என்று அதற்குப் பெயர்.

சேர்ந்த முதல் நாள் கரும்பலகையில் இதையெல்லாம் வரைந்து காட்டினேன். ஒரு ஆல்டிஹைடு, இரண்டு பங்கு எஸ்டர், கொஞ்சம் அம்மோனியா, கொதிக்கவிட்டால் வளையம். நூறு வருஷத்துக்கு மேல் பழசான வழி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “மூடிருச்சுன்னு எப்புடி சார் தெரியும்?”

“மஞ்சளா மாறும் டீச்சர். ஒரு துளி எடுத்துத் தகட்டுல ஓடவிட்டுப் பாத்தா புதுப் புள்ளி வரும்.”

“அது என்னமோ ஒண்ணு நடந்துருக்குன்னுதான சொல்லுது? மூடிருச்சுன்னா சொல்லுது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினைந்து வருஷமாக இந்தச் சரக்கைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன், முதல் நாளே என்ன கேள்வி! வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், “இந்தம்மா ஆறு மாசம் தாங்காது” என்றேன். அவர் ஆறு வருஷம் இருந்தார்.

சந்தேகப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். சந்தேகப்படுகிறவன் யாரையும் நம்பமாட்டான். டீச்சர் எல்லாரையும் நம்புவார். தேனி பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் தொலைந்துபோனது என்று யாராவது வந்து நின்றால் உடனே கைப்பையைத் திறந்துவிடுவார். இரண்டு பொருள் ஒன்றா வேறா என்ற கேள்வி வந்தால்தான் வேறு ஆளாக மாறிவிடுவார். ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னாலும் சரி, வேறுதான் என்று சத்தியம் செய்தாலும் சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் நோன்பு வைத்திருக்கிறேன் என்று மதியச் சாப்பாட்டை என் கண்ணில் படாமல் விலங்கியல் துறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அன்று வேலை இழுத்துவிட்டதால், கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். எங்கள் தெருப் பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்கில் இருந்தது. மனைவியின் அம்மா வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசல் கஞ்சி இன்னொரு தூக்கில் வந்திருந்தது. எது ருசி என்பது எங்கள் வீட்டில் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து தீராத வழக்கு. மனைவி விளையாட்டாக டீச்சரிடம் தீர்ப்புக் கேட்டுவிட்டாள்.

டீச்சர் இரண்டு டம்ளர் கேட்டார். இரண்டிலும் ஊற்றி, இதில் ஒரு வாய் அதில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடித்தார். நடுவில் கொஞ்சம் தண்ணீர் குடித்து வாயைக் கழுவிக்கொண்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதுல தேங்காப்பாலு கூட. அதுல வெந்தயம் கூட. ஆனா மசாலா ரெண்டுக்கும் ஒரே ஆளுதான் அரைச்சிருக்காக.”

“அதெப்படி டீச்சர்? அந்தப் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லையே?” என்றாள் மனைவி.

விசாரித்தோம். அந்தப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவருக்கு அந்த வருஷம் கை முடியவில்லையாம். மசாலா மட்டும் எங்கள் தெருக்காரரே கூட்டிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து மனைவி டீச்சர் கட்சி.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒருமுறை பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இரண்டு தாளை மேசைமேல் விரித்து என்னைக் கூப்பிட்டார். “இங்கன பாருங்க சார். நாலு கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணாச் சரி. அதுல ஒண்ணும் இல்ல, சரின்னா எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வரும். அஞ்சாவது கணக்குல ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணிருக்காங்ய. தப்பு ஒண்ணா வராது சார். வந்தா, அங்கன ஏதோ இருக்கு.” நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். அது எனக்கும் சேர்த்துச் சொன்ன சொல் என்று அப்போது எப்படித் தெரியும்?

பொய் சொல்லவும் அவருக்கு வராது. பிரிடினைக் கரைப்பானாகப் பயன்படுத்திய ஒரு மாதம் முழுக்க ஆய்வகமே நாறிக்கிடந்தது. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அழுகின மீனைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்த மாதிரி. கோட்டைக் கழற்றினாலும் தலைமுடியில் ஏறிக்கொண்டு கூடவே வரும். கடமலைக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “யாருப்பா வண்டிக்குள்ள கருவாட்டக் கொண்டாந்தது? மேல போடுங்க” என்று சத்தம் போட்டிருக்கிறார். வண்டி முழுக்க ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? டீச்சர் கையைத் தூக்கியிருக்கிறார்.

“கருவாடு இல்ல தம்பி. நாந்தேன்.”

இதை அவரே எங்களிடம் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதற்கப்புறம் அந்தக் கண்டக்டர் டீச்சருக்கென்று ஜன்னலோர சீட்டு ஒன்றைப் பிடித்துவைப்பாராம். மரியாதையா, மற்ற பயணிகள் மேல் வைத்த இரக்கமா, தெரியாது.

எதற்காக இந்த வயதில் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். டாக்டர் பட்டம் வாங்கினால் சம்பளத்தில் ஏதாவது கூடுமா என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் குடுவையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இருவது வருசமா பிள்ளைகளுக்கு, அவுக கண்டுபிடிச்சாக, இவுக கண்டுபிடிச்சாகன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன் சார். இதுக்கு முன்னால இந்த ஒலகத்துலயே இல்லாத ஒரு சாமான என் கையால பண்ணிப் பாக்கணும். ஒரு சிட்டிகை போதும்.” அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கடைசியாக அப்படி நினைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

அந்தச் சிட்டிகை அவருக்கு நான்காவது வருஷம் கிடைத்தது. பிரிடினுக்கு இன்னொரு வழி உண்டு. மூன்று நைட்ரஜன் உள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் இரண்டு கார்பன் உள்ள ஒரு துண்டு வந்து இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பழைய நைட்ரஜனில் இரண்டு ஜோடியாகக் கழன்று வாயுவாக வெளியேறிவிடும். மிஞ்சி நிற்பது ஒரே ஒரு நைட்ரஜனோடு பிரிடின். டீச்சருக்கு இந்த வழிதான் உயிர். காரணம், குமிழி. வாயு போகிற குழாயை எண்ணெய்க்குள் விட்டுவைத்தால் ஒவ்வொரு குமிழியாக வரும். ஸ்டூலைப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார். “வர்றதுதேன் கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது. போறதாச்சும் தெரியுதே” என்பார். அப்படிச் செய்த ஒன்று ஐஸில் வைத்ததும் வெள்ளை வெள்ளையாக ஊசி கட்டியது. வேறு எந்த நூலிலும் இல்லாத சேர்மம். தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். டீச்சர் அந்தச் சின்னக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “வா ஆத்தா” என்றார். பெற்ற பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிற குரல். ஆய்வகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இனி எட்டுக்கும் ஒன்பதுக்கும் வருகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் டாக்டர் பட்டம் வாங்கியது ஒன்பது பிரிடின்களை வைத்து. முதலில் சொன்னேனே, ஆல்டிஹைடு, எஸ்டர், அம்மோனியா, அந்தப் பழைய வழி. அதில் முதலில் வருவது முழுப் பிரிடின் அல்ல, இரண்டு ஹைட்ரஜன் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் அரைப் பிரிடின். நைட்ரிக் அமிலம் விட்டு அந்த இரண்டையும் வெளியேற்றினால்தான் வேலை முடியும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆல்டிஹைடு போட்டால், வளையத்தின் உச்சியில் வேறு வேறு தொகுதி நிற்கும். அதனால் ஒன்பது சேர்மம். அவற்றைப் பற்றிய என் கட்டுரை ஒரு நல்ல பத்திரிகையில் வந்தது. எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். டீச்சரின் முதல் வேலை அந்த ஒன்பதையும் திரும்பச் செய்து கைபழகுவது. பத்தாவதிலிருந்து அவருடைய சொந்தச் சரக்கு. ஏழுவரை செய்து முடித்துவிட்டு, மற்றதற்குப் போய்விட்டார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உரிய ஆல்டிஹைடு கிடைக்கவில்லை என்று தள்ளிவைத்திருந்தோம். ஐந்தாவது வருஷம்தான் வந்து சேர்ந்தது.

செய்து முடித்த சனிக்கிழமை என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“சார், எட்டும் ஒம்பதும் ஒரே சூட்டுல உருகுதே?”

“உருகட்டும் டீச்சர். ஒலகத்துல எத்தனை சேர்மம் இருக்கு. ரெண்டுக்கு ஒண்ணா இருக்கிறதுல என்ன?”

“உங்க பேப்பர்லயும் ஒண்ணாத்தான் போட்டுருக்கீக. எனக்கும் அதேதான் வருது.”

“பாத்தீங்களா, சரியா வந்திருச்சுல்ல? அப்புறம் என்ன?”

“கலந்து பாத்துருவோமா சார்?”

கலந்து பார்ப்பது எங்கள் தொழிலில் மிகப் பழைய முறை. இப்போது யாரும் செய்வதில்லை. இரண்டு தூள் ஒரே வெப்பத்தில் உருகுகிறது. ஒன்றா வேறா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து அரைத்து உருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் ஒன்றை ஒன்று கெடுத்து, முன்கூட்டியே குழைந்து இளகிவிடும். ஒன்றேயாக இருந்தால் கலந்தாலும் அதே வெப்பத்தில்தான் உருகும். அவ்வளவு எளிது. ஒரு சின்னக் கல்வமும் மூன்று கண்ணாடி நூல்குழாயும் போதும்.

இடதில் எட்டு, வலதில் ஒன்பது, நடுவில் இரண்டும் கலந்தது. மூன்றையும் தெர்மாமீட்டரோடு கட்டிச் சூடேற்றினார். லென்ஸை என்னிடம் நீட்டினார். “நீங்க பாருங்க சார்.” பார்த்தேன். எழுபது தாண்டியதும் மூன்று குழாயிலும் தூள் ஒன்றாக வியர்த்தது, ஒன்றாகச் சரிந்தது, ஒன்றாகத் தண்ணீரானது. நடுக்குழாய் ஒரு கணம்கூட முந்தவில்லை.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “தெர்மாமீட்டர் பழசு டீச்சர்” என்றேன்.

“மூணுக்கும் ஒரே தெர்மாமீட்டர்தான சார்” என்றார்.

அடுத்த வாரம் அவரே விடையோடு வந்தார். ஹைட்ரஜனை வெளியேற்று என்று அமிலத்தை விட்டால், சில நேரம் ஹைட்ரஜன் போகாமல் அதோடு நின்ற பெரிய தொகுதியே எழுந்து போய்விடும். எட்டில் நின்ற தொகுதியும் ஒன்பதில் நின்ற தொகுதியும் அப்படிப் போகிற சாதி. இரண்டும் போய்விட்டால் மிஞ்சுவது உச்சியில் எதுவுமில்லாத ஒரே மொட்டைப் பிரிடின். பழைய நூல்களில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. அந்த மொட்டைப் பிரிடினை டீச்சர் தனியாகவும் செய்துவிட்டார். அதற்கு ஃபார்மலின் வேண்டும். விலங்கியல் துறையில் பாம்பு ஊறப்போட வைத்திருந்ததில் கொஞ்சம் வாங்கி வந்திருக்கிறார். நான்காவது குழாயில் அதையும் கட்டிச் சூடேற்றினோம். அதுவும் அதே இடத்தில் உருகியது.

நான் ஏன் அன்று கவனிக்கவில்லை? ஒன்பதில் நான்கைத்தான் மதுரைக்கு அனுப்பி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுத்தேன். மற்ற ஐந்துக்கும், ‘இதே போல’. சேர்மங்களைப் பண்ணினேன், பாட்டிலில் போட்டேன், பெயர் ஒட்டினேன். பார்க்கவில்லை.

அந்த வருஷம்தான் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். என் பெயரில் இருந்த நல்ல கட்டுரை அது ஒன்றுதான். பயந்துவிட்டேன். ஒளிப்பானேன், நன்றாகவே பயந்துவிட்டேன். டீச்சரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: “அந்த ரெண்டையும் ஆய்வேட்டுல விட்டுருங்க டீச்சர். உங்க சொந்தச் சரக்கே நெறைய இருக்கு.”

“விட்டுறலாம் சார். ஆனா உங்க பேப்பரு?”

“அது பழசு. யாரு படிக்கப் போறா?”

“நான் படிச்சேனே சார்.”

கைடு கையெழுத்துப் போடாவிட்டால் ஆய்வேடு நகராது, அத்தனை வருஷ பஸ் பயணமும் வீணாகப் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னை மிரட்டவில்லை, அழவில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவுமில்லை. குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனார்.

ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கிற நாளில் டீச்சர் வந்து நின்றார். நான் நேர்காணல் விஷயமாக ஃபோனில் இருந்தேன். “சார், எட்டையும் ஒம்பதையும் எடுத்துட்டேன். ஆனா நம்பர மாத்தல. ஏழுக்கு அப்புறம் பத்துன்னு வருது” என்றார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, “சரி சரி, நல்லாத்தான் இருக்கும்” என்று கையைக் காட்டினேன். ஆய்வேடு வந்தது. கைடு என்பவன் முதலில் தேடுவது தன் பெயரைத்தானே? நன்றியுரையில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்து வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பொறுமையான, கூர்மையான மனிதர். டீச்சரின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் புதுச் சேலை. குமிழி வந்த கதையைச் சொன்னபோது தேர்வாளரே சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதல் அட்டவணை திரையில் வரும்வரை.

“ஏழுக்கு அப்புறம் பத்து இருக்கு. எட்டும் ஒன்பதும் எங்கம்மா?”

எனக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஏழு, அப்புறம் இரண்டு வரி வெறும் கட்டம், அப்புறம் பத்து. எண்ணை விட்டதோடு நிற்கவில்லை. கட்டமே போட்டுக் காலியாக வைத்திருந்தார்.

“பண்ணேன் சார். ரெண்டும் ஒண்ணாப் போச்சு. அதனால எழுதல” என்றார் டீச்சர்.

தேர்வாளர் மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டி என் பழைய கட்டுரையை எடுத்தார். வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார், பாவி மனுஷன். “உங்க கைடு பேப்பர்ல ரெண்டும் வேற வேறன்னு இருக்கே. அதே முறைதான நீங்களும் பண்ணியிருக்கீங்க? அப்ப தப்பு உங்க கையிலயா, அவரு கையிலயா?”

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“எங்கையில ஒண்ணாத்தான் வந்துச்சு சார். நான் பாத்தேன். சார் கையில எப்புடி வந்துச்சுன்னு நான் பாக்கல. பாக்காதத எப்புடிச் சொல்றது?”

“அது பதில் இல்லம்மா. பேப்பர் சரின்னா, உங்களுக்குச் செய்யத் தெரியலைன்னு ஆகுது. இந்த ரெண்டுலயே தப்புன்னா மிச்சம் இருபதையும் நான் எதை வச்சு நம்புறது? ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பத்தான் வேணும்.”

பின்வரிசையில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள். டீச்சர் கையில் இருந்த சுட்டுக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாக்கியம் போதும் அவருக்கு: ‘சார்தான் விடச் சொன்னாக.’ அது உண்மையும்கூட. அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து எந்த நொடியும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வராது என்று தெரிந்ததும்தான் எனக்கு உண்மையில் வேர்த்தது. வந்திருந்தால், கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். கலந்து உருக்கினப்ப லென்ஸ்ல நானே பாத்தேன். என் பேப்பர்தான் தப்பு. அந்த ரெண்டையும் எழுதாம விடச் சொன்னதும் நான்தான்.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். கட்டுரையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பிரதியில் அந்தக் காலிக் கட்டத்தில் என்னவோ எழுதினார். “இதையும் சேர்த்து எழுதிக் குடுங்க. இந்த ஆய்வேட்டுலயே இதுதான் நல்ல ரிசல்ட்டு” என்று டீச்சரிடம் சொன்னார். பட்டம் அன்றே கிடைத்துவிட்டது. தள்ளிப்போய்க்கொண்டே இருந்த நேர்காணலில் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன், அரைப்பக்கத்தில் வெளியிட்டார்கள். முதல் பெயர் டீச்சருடையது.

அன்று மதியம் எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தபோது அவரைத் தேடிப் போனேன். கை கழுவுகிற இடத்தில் தனியாக நின்றார்.

“மன்னிச்சுருங்க டீச்சர். அந்தாளு அந்தக் கட்டத்தப் பாத்து அப்படிக் கேப்பாருன்னு நான் நெனைக்கவே இல்ல.”

டீச்சர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

“அவுக பாக்கணும்னு நான் அத விட்டுவைக்கல சார். நீங்க பாக்கணும்னுதேன் வச்சேன்.”

‘இந்த ஆய்வேட்டை முழுவதும் படித்துச் சரிபார்த்தேன்’ என்ற சான்றிதழின் கீழே, ஆறு பிரதியிலும் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.